நடுங்காத படம்

மாஸ்டர் தன் ஸ்டுடியோவின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கிய நிலையில் கிடந்தார். இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது காலை பதினொன்றரை மணி. உயிர் அதற்கு முன்பே போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் பெண். மாஸ்டரை அவருக்கு நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே ஸ்டுடியோவில் நடந்த புகைப்பட வகுப்புக்கு அவரும் வந்துகொண்டிருந்தார். வகுப்பிலேயே மோசமான மாணவி என்றால் மிகையில்லை. "மேடம், நீங்க குற்றவாளியைப் பிடிக்கிற மாதிரியே படமும் பிடிக்கிறீங்க. ஆளை நட்டநடுவுல நிறுத்தி நேரா சுட்டுடறீங்க" என்று மாஸ்டர் சொல்லி வகுப்பே சிரித்தது போன ஞாயிறுதான். இன்று அந்த மனிதரைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"பின்னந்தலையில அடி. ஆனா விழுந்ததும் போயிடல" என்றார் டாக்டர். "கொஞ்ச நேரம் இருந்திருக்கார்."

"உடனே யாராவது கூப்பிட்டிருந்தா?"

"பிழைச்சிருப்பார்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வாய்ப்பு இருந்தது."

கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. இரண்டையும் இணைப்பது இந்த ஒரே படிக்கட்டு. மேலே மாஸ்டரின் மனைவி இருந்திருக்கிறார். கீழே, கூச்சல் போட்டு அக்கம்பக்கத்தைக் கூட்டியவர் மாஸ்டரின் தம்பி. அண்ணனிடமே தொழில் கற்று அண்ணனோடே வேலை செய்பவர். வகுப்பில் அவருக்குக் 'குட்டி மாஸ்டர்' என்று பெயர். இப்போது கண்கள் சிவந்து, கைபேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நான் வாசல்ல கால் வெச்சேன், தடால்னு சத்தம். பார்த்தா அண்ணன் கீழ, அண்ணி மேல. போன் கையில இருந்துச்சு. என்ன ஏதுன்னு தெரியாம அமுக்கிட்டேன். கை வெடவெடன்னு நடுங்குது."

படத்தைக் காட்டினார். மாடிப்படியின் கைப்பிடி படத்தின் கீழ் இடது மூலையில் தொடங்கி, பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. ஏறிய இடத்தில், வலது பக்க மேல்பகுதியில், மாஸ்டரின் மனைவி கீழே பார்த்தபடி நின்றார். பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சம். படத்தின் அடிப்பகுதியில் மாஸ்டர். சுவர்கள் நூல் பிடித்தாற்போல நேராக நின்றன.

எட்டிப் பார்த்த கான்ஸ்டபிள், "இதுக்கு மேல என்ன சாட்சி மேடம் வேணும்?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கைபேசியை இன்னும் கிட்டே பிடித்துப் பார்த்தார். படத்தில் ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரியாத உறுத்தல், செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி.

அப்போது வாசலில் ஒரு குரல். "என் வாளியைப் பார்த்தீங்களா யாராவது?"

ஸ்டுடியோவைத் துடைத்துக் கழுவும் அம்மாள். சாவு வீட்டில் வாளியைத் தேடுகிறாளே என்று எல்லோரும் முறைத்தார்கள். அவள் அழுதுகொண்டேதான் தேடினாள். பதற்றம் வந்தால் சிலருக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

"நீங்க எங்க இருந்தீங்கக்கா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு இருந்தேன். தரை துடைச்சிட்டு இருந்தப்ப மேல ஐயாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. புருஷன் பொண்டாட்டி சண்டை போடற இடத்துல நமக்கென்ன வேலைன்னு எல்லாத்தையும் போட்டது போட்டபடி போயிட்டேன்."

சண்டை. கான்ஸ்டபிளின் புருவம் ஏறி இறங்கியது.

மாடியில் மாஸ்டரின் மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அழுகை நின்றுபோன முகம்.

"சண்டை எதுக்கு?"

"கீழ வாசல்ல ஒரு படம் மாட்டியிருக்கே, பார்த்தீங்களா மேடம்? மழைத் தண்ணியில ஒரு சின்னப் பொண்ணு தன் முகத்தைப் பார்த்துட்டிருக்கும்."

"உங்க கொழுந்தனுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த படம்."

"அது நான் எடுத்தது. அந்தப் பொண்ணு என் மக. குழந்தையை நின்னுட்டு எடுத்தா தலை மட்டும்தான் பெரிசா வரும், அவ உயரத்துக்கு இறங்கணும்னு அவர் சொல்லுவார். நான் அதுக்கும் கீழ, சேத்துல படுத்து எடுத்தேன்." முழங்கையைத் திருப்பிக் காட்டினார். காய்ந்த நீளத் தழும்பு. "கொழுந்தன் அதைத் தன் பேர்ல போட்டிக்கு அனுப்பிட்டான். பரிசு வந்ததும்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. போட்டிக்காரங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்கன்னு இவர்கிட்ட கெஞ்சினேன். 'தம்பி பேரு கெட்டுடும்'னு இழுத்தடிச்சுட்டே இருந்தார். இன்னிக்கு எனக்குப் பொறுக்கல."

"அப்புறம்?"

"பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். கீழ சத்தம் கேட்டுச்சு. கோபத்துல எதையோ போட்டு உடைக்கறார்னு நெனச்சேன். உடைக்கட்டும்னு இருந்தேன். முகத்தைக் கழுவித் துடைச்சுட்டு வந்து பார்த்தா..."

"கொழுந்தன் அப்ப எங்க நின்னார்?"

"நான் எங்க பார்த்தேன்? இவரைத்தான் பார்த்தேன்."

படியில் காலடிச் சத்தம். குட்டி மாஸ்டர் பாதி வழியில் நின்று, "அண்ணி, மூணு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும். பாப்பாவை நான் போய்க் கூட்டிட்டு வந்து என் வீட்லயே வெச்சுக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மாஸ்டரின் மனைவி இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. என் பொண்ணை மட்டும் அவன் கையில விட்றாதீங்க. அப்பாவை அம்மாதான் தள்ளிட்டாள்னு சொல்லியே வளர்த்துடுவான்."

மணி ஒன்று. உடலை எடுத்துச் சென்றுவிட்டார்கள். மேலதிகாரி தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டார். படம் இருக்கிறது, சண்டை இருக்கிறது, இன்னும் ஏன் கைது இல்லை? இன்ஸ்பெக்டர் சாயங்காலம்வரை அவகாசம் கேட்டார். அவர் மூன்று மணிவரை கொடுத்தார்.

குட்டி மாஸ்டர் வெளியே உறவினர்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை மாடியில் நிறுத்திவிட்டு, வாசலில் நின்று தன் கைபேசியில் படம் எடுத்தார். கைப்பிடியின் கம்பிகள் கான்ஸ்டபிளின் முகத்தைக் குறுக்கே கோடு போட்டன. கொஞ்சம் உள்ளே வந்து எடுத்தார். முகம் போய் வயிறு தெரிந்தது.

"மேடம், நீங்க சுமாரா எடுப்பீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. "இவ்வளவு சுமாரா?"

இன்ஸ்பெக்டருக்கு மாஸ்டரின் வகுப்பு நினைவுக்கு வந்தது. படம் கையால எடுக்கறது இல்ல, காலால எடுக்கறது. நடங்க. குனிங்க. ஒரு கோடு கண்ணைக் கூட்டிட்டுப் போற இடம் கிடைக்கிறவரைக்கும் அமுக்காதீங்க. இன்ஸ்பெக்டர் நடந்தார். அவர் தேடிய இடம் வாசலில் இல்லை. மாஸ்டர் கிடந்த இடத்தைத் தாண்டி, படிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த குறுகலான மூலையில், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால்தான் கைப்பிடி படத்தின் கீழ் இடது மூலையிலிருந்து புறப்பட்டு மேலே நிற்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

நடுங்கும் கைக்கு இத்தனை பொறுமையா?

அப்படியே மண்டியிட்டபடி குட்டி மாஸ்டரிடமிருந்து வாங்கி வைத்திருந்த படத்தை விரித்துப் பெரிதாக்கினார். மாஸ்டர் ஓயாமல் சொல்லும் இன்னொன்று: அமுக்கறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் ஒரு சுத்து பாருங்க. வேண்டாதது அங்கதான் ஒளிஞ்சிட்டிருக்கும். இன்ஸ்பெக்டர் பார்த்தார். இடது கீழ் ஓரத்தில், கைப்பிடி தொடங்கும் இடத்தில், தரையில் வட்டமாக ஓர் ஈரத்தடம் மினுங்கியது.

அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். "அக்கா, வாளி கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா. அந்தப் பெரிய திரைச்சீலைக்குப் பின்னாடி இருந்துச்சு. பேய் கொண்டுபோய் வெச்ச மாதிரி."

"நீங்க எங்க விட்டுட்டுப் போனீங்க?"

"படிக்குக் கீழதான். அந்தக் கைப்பிடிக் கட்டைக்குப் பக்கத்துல."

மாஸ்டரின் மனைவியோ போலீஸ்காரர்களோ வாளியைத் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் எல்லோரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார். வாளியை ஓர் உறையில் சுற்றிப் பத்திரப்படுத்தச் சொன்னார். அதைப் போலவே மஞ்சளாக இன்னொரு வாளியைக் கடையிலிருந்து வாங்கி வரச் செய்து, தண்ணீர் நிரப்பிக் கைப்பிடிக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு குட்டி மாஸ்டரை உள்ளே அழைத்தார்.

"கேஸுக்கு ஒரு படம் வேணும். படி முழுசும் தெரியணும், மேல நிக்கற ஆள் முகம் தெரியணும். நான் எடுத்துப் பார்த்தேன், எனக்கு வரல. உங்க அண்ணன் சொல்லுவாரே, நான் நட்டநடுவுல சுடறவள்னு."

குட்டி மாஸ்டர் லேசாகச் சிரித்தார். "காட்டுங்க" என்று இன்ஸ்பெக்டரின் படங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு நிமிடம் துக்கம் விலகி வாத்தியார் வந்து உட்கார்ந்தார். "இங்கேருந்து கம்பி மறைக்கும் மேடம். அந்தப் பக்கம் போகணும்."

போனார். மூலையில் ஒடுங்கி முழங்காலை ஊன்றினார். கைபேசியைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோனார். மேலே, வலது பக்கம், கீழே, இடது பக்கம் என்று கண் ஒரு சுற்றுச் சுற்றியது. இடது கை தானாக நீண்டு, வாளியைப் பிடியோடு தூக்கி, ஓசைப்படாமல் பின்னால் நகர்த்தி வைத்தது. படத்தை எடுத்தார்.

"இது சரியா இருக்கும்" என்றார்.

"அந்த வாளி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்த வாளி?"

கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாளி அவருக்குப் பின்னால் இருந்தது. தான் நகர்த்தியதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கான்ஸ்டபிளின் வாய் திறந்தபடி இருந்தது.

"காலையிலயும் இப்படித்தான் நகர்த்தியிருக்கீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "வாசல்ல கால் வெச்சதும் அமுக்கினதா சொன்னீங்க. இந்தக் கோணம் வாசல்ல கிடைக்காது. அண்ணனைத் தாண்டி வந்து, வாளியைத் திரைக்குப் பின்னாடி கொண்டுபோய் வெச்சுட்டு, திரும்பி வந்து மண்டி போட்டு, அண்ணி வர்றதுக்காகக் காத்திருந்திருக்கீங்க. படத்துல அண்ணி இருக்காங்க. வாளி இல்ல, அதோட ஈரம்தான் இருக்கு. அவங்க வந்து நிக்கறதுக்கு முன்னாடியே வாளி போயாச்சு. பதறி ஓடி வந்தவன் அண்ணனைத் தூக்குவான். ஓரத்தைச் சுத்தம் பண்ண மாட்டான். பழைய வாளியில உங்க கைரேகை இருக்கும். உள்ளது உள்ளபடி ஒரு மோசமான படம் எடுத்திருந்தீங்கன்னா உங்களை நான் நம்பியிருப்பேன்."

குட்டி மாஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தள்ளல மேடம். போனைத்தான் பிடுங்கினேன். 'போட்டிக்காரங்களுக்கு இப்பவே சொல்லப் போறேன், அது உன் அண்ணி படம்'னு சொல்லிட்டே இறங்கி வந்தார். வேண்டாம்ணான்னு பாதிப் படியிலயே காலைப் பிடிச்சேன். கேக்கல. பிடுங்கினேன். விழுந்துட்டார்."

"அப்ப உயிர் இருந்துச்சு."

குட்டி மாஸ்டர் கைபேசியைத் தரையில் வைத்தார். "முனகினார்."

"அந்த முனகலைக் கேட்டுக்கிட்டேதான் வாளியை நகர்த்தினீங்களா?"

"நாப்பது வயசு மேடம் எனக்கு. இன்னும் குட்டி மாஸ்டர். ஒரே ஒரு படத்துக்குத்தான் ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு." பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "இன்னிக்கு எடுத்த படம் என்னோடது. முழுக்க என்னோடது."

இன்ஸ்பெக்டர் தரையில் இருந்த கைபேசியை எடுத்துக்கொண்டார். அழைத்துப் போகும்படி கான்ஸ்டபிளுக்குக் கை காட்டிவிட்டு மாடி ஏறினார்.

மணி இரண்டே முக்கால். மாஸ்டரின் மனைவியிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். முனகலைச் சொல்லவில்லை. அதை நீதிமன்றம் ஒரு நாள் சொல்லத்தான் போகிறது, இன்று வேண்டாம் என்று நினைத்தார்.

"உங்க மேல எதுவும் இல்ல. வாங்க, நாம ரெண்டு பேருமே போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வருவோம்."

ஜீப் பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பியதும் மாஸ்டரின் மனைவி கேட்டார். "அவர் கீழ போனது போன் பண்ணவா?"

"ஆமா."

"படம் என்னோடதுன்னு சொல்லவா?"

"ஆமா."

"காலையில நான் கடைசியா என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? 'ஒரு தடவையாவது எனக்காகக் கீழ இறங்கிப் போய்ப் பேசுங்க. இல்லாட்டி என் முகத்துல முழிக்காதீங்க'ன்னு சொன்னேன்." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "போயிட்டார். என் பேச்சைக் கேட்டுட்டுப் போயிட்டார். அப்பா ஏன் படியில இறங்கினார்னு அவ ஒரு நாள் கேப்பா. யார் பேரைச் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பை மரத்தடியில் நிறுத்தினார். பள்ளிக்கூடத்துக் கதவு திறந்து பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கினார்கள். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கினார்.