சஹனின் நாலாவது பக்கம்

நீள மூக்குக் கெண்டியால் மூன்று பேரின் கையிலும் தண்ணீர் ஊற்றிய பரிசாரகர், யாருமே இல்லாத நாலாவது பக்கத்துக்கும் போய்க் குனிந்து ஊற்றினார்.

பைறோஸா அதைக் கண்டாள். மனுஷனுக்குப் பழக்கதோஷமாக்கும் என்று விட்டுவிட்டாள். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு பழைய வீட்டை மாற்றி இந்தக் கடையைத் திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் கொழும்பில் பாதிப்பேர் வந்து படம் பிடித்துப் போட்டாயிற்று. கல்யாண வீட்டில் செய்வதுபோல் பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்து, அந்த ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் தம் பக்கத்துச் சோற்றைச் சாப்பிடுவதுதான் இங்கே புதுமையாம். ஆயுசு முழுக்கத் தின்றதற்கு இப்போது ஏசியும் திரைச்சீலையும் போட்டிருக்கிறார்கள் என்று அவள் கணவன் நபீஸ் வரும் வழியெல்லாம் நக்கலடித்துக்கொண்டே வந்தான்.

பைறோஸா புதுமைக்காக வரவில்லை, மகளுக்காக வந்தாள். ஏழு வயது நிம்றா நாலு மாதமாகச் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். சட்டைக்குள் தோளெலும்பு முட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த மாதமும் நிறை கூடாவிட்டால் வார்டில் வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு தடவை, கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணத்தில் மற்றப் பிள்ளைகளோடு சஹனில் உட்கார்ந்தபோது, இரண்டு பிடி தானாக அள்ளித் தின்றாள். அந்த இரண்டு பிடியை நம்பித்தான் பைறோஸா இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"நாங்க மூணு பேர்தானே. இது நாலு பேர்ட சஹன்" என்றாள்.

"பரவால்ல மிஸ்" என்றார் பரிசாரகர். சட்டையில் ராசிக் என்று பெயர் குத்தியிருந்தது. "நாலு பேருக்கும் சரியா வரும்."

மூடியைத் திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் பொரித்த வெங்காயமும் கலந்த ஆவி அந்தச் சின்ன அறை முழுக்கப் பரவி, கடல் பக்கத்திலிருந்து வந்த உப்புக் காற்றையும் சுவரின் பழைய ஈர வாடையையும் ஒரு நொடியில் விழுங்கிவிட்டது. "இருங்க, இருங்க, கை வெக்காதீங்க, முதல்ல வீடியோ" என்று நபீஸ் போனைத் தூக்கினான். ஒரு தடவை எடுத்தது சரிவரவில்லை என்று மூடியை மறுபடி மூடித் திறந்து எடுத்தான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மூன்று பேரும் சோற்றில் கை வைத்தார்கள்.

நிம்றா ஒரு பிடி தின்றாள். பிறகு இன்னொன்று. கேட்காமலே மூன்றாவது.

"நல்லா ஈக்கி உம்மா."

பைறோஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை தின்பதைப் பார்த்தே தன் வயிறு நிறைந்துபோன மாதிரி இருந்தது. அல்லாஹ்வே, இது போதும் என்று நினைத்தாள்.

அப்போது ராசிக் திரையை விலக்கி, அவர்களுடைய கார், பக்கத்து வீட்டு வாசல் கேற்றை மறைத்து நிற்கிறதாம் என்றார். நபீஸ் எச்சில் கையோடு எழும்பினான்.

"எல்லாரும் முடிக்காம சஹன விட்டு எழும்பக் கூடாது" என்றாள் பைறோஸா.

"ரெண்டே நிமிஷம். வந்து முடிக்கிறன்."

திரை மூடியது. மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான். வெளியே வானத்தில் இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது. கரையோரத் தண்டவாளத்தில் மாலை ரயில் போனது. மேலே தொங்கிய விளக்கு ஆட, நிழல்கள் சுவரில் நீண்டு குறுகி மறுபடி தம் இடத்துக்கு வந்து நின்றன. ரயிலின் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மற்றச் சத்தம் கேட்டது.

யாரோ மெல்லுகிற சத்தம். ஈரமாக, நிதானமாக.

பைறோஸா வாயை அசைக்காமல் நிறுத்தினாள். நிம்றாவின் வாயும் அசையவில்லை. சத்தம் நிற்கவில்லை.

எதிர்ப்பக்கம் பார்த்தாள். யாரும் உட்காராத அந்தப் பக்கத்தில் சோறு குழிந்திருந்தது. குழிக்குள் நாலு கோடுகள், விரல்கள் வழித்தெடுத்த கோடுகள்.

பிஸ்மி சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீடியோ அமர்க்களத்தில் மூன்று பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இறைவன் பெயர் சொல்லாத சாப்பாட்டில் ஷைத்தான் வந்து பங்கு கேட்பான் என்று மதரஸாவில் படித்தது நினைவுக்கு வந்தது. நடுவில் ஞாபகம் வந்தால் சொல்லும் வார்த்தைகளை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள்.

"அவங்க முதல்லயே பிஸ்மி சொல்லிட்டுத்தான் தின்றாங்க உம்மா" என்றாள் நிம்றா.

"ஆரு மகள்?"

நிம்றா முகவாயை உயர்த்தி எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். "எனக்கு எறச்சியெல்லாம் தள்ளித் தாராங்க. நிறையத் தின்னட்டாம். வெறும் எலும்பா ஈக்கிறனாம்."

சஹனில் பிரியமானவர் பக்கம் நல்ல துண்டைத் தள்ளி வைப்பது வழக்கம்தான். பைறோஸா குனிந்து பார்த்தாள். அவள் பக்கத்தில் ஒரு துண்டுகூட இல்லை. நபீஸின் பக்கத்திலும் இல்லை. எல்லாம் மகளின் முன்னால் குவிந்து கிடந்தன.

"ராசிக்!"

திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. அங்கேயே நின்றிருந்தன. அவள் மறுபடி கத்தினாள். பாதங்கள் மெதுவாகத் திரும்பி நடந்து போயின.

நபீஸின் பக்கம் இப்போது வெறும் தட்டு. வழித்துத் துடைத்த மாதிரி மினுங்கியது. கோடுகள் அவள் பக்கத்துக்கு வந்தன. சோறு குறைந்தது. மெல்லும் சத்தம் வேகமானது. நெய் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. பழைய இரத்தம்.

"எழும்புங்க மகள். இப்பவே."

"அவங்க இன்னும் முடிக்கல்லயே உம்மா."

நிம்றா சிரித்தாள். வலது கையை எடுத்து, தன் பக்கத்தில் மிச்சமிருந்த சோற்றின்மேல் மல்லாக்க வைத்தாள். யாரோ கேட்டதற்குக் கொடுக்கிற மாதிரி.

பைறோஸா பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். சஹன் பாயோடு நகர்ந்தது. கை வரவில்லை.

சோற்றில் நாலு கோடுகள் விழுந்தன. கிட்ட வந்தன. சின்ன விரல்களின் இரண்டு பக்கமும் சோறு கூடியது. ஒரு துண்டு இறைச்சி உருண்டு வந்து உள்ளங்கையில் ஏறியது. பிறகு சோறு, இறைச்சி, நிம்றாவின் கை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு பிடிக்கு ஆகிற மாதிரி, கண்ணில் படாத அந்தக் கை மெதுவாகப் பிசையத் தொடங்கியது.