சத்தம் இருக்கும்போது மட்டும்

வாஷிங் மெஷின் நின்ற பிறகும் நடைவழியில் ஓர் அடி மிச்சமாகக் கேட்டது.

துணி பிழியும் கட்டத்தில் அந்த மெஷின் வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டிவிடும். தரை அதிரும், அலமாரியில் கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுக்கும், கடைசியில் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி எல்லாம் ஒரே நொடியில் அடங்கும். இன்றைக்கும் அடங்கியது. அடங்கிய அதே நொடியில், நிற்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் தாமதமாக நினைத்துக்கொண்டதைப் போல ஒரு வெறுங்கால் தரையில் பதிந்து அப்படியே நின்றது. ஈரத்துணியை அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நடைவழியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

கணவனுக்கு இந்த மாதம் முழுக்க இரவு வேலை. வீட்டில் அவளும் ஐந்து வயதுப் பெண்ணும்தான். போய்ப் பார்த்தாள். நடைவழி திரும்பும் முனைக்கு அப்பால் குழந்தையின் அறை. படுக்க வைத்தபோது எப்படி இருந்தாளோ அப்படியே மல்லாந்து, கைகள் இரண்டும் பக்கத்தில் நேராகக் கிடக்க, கண்மூடிப் படுத்திருந்தாள் மகள். போர்வை மட்டும் தரையில் விழுந்திருந்தது. எடுத்துப் போர்த்திவிட்டு வந்தாள்.

இந்த வாரம் மகளைப் பற்றி அவளுக்கு உள்ளூர ஒரே பெருமை. ஒரு வாய் ஊட்டுவதற்குள் உயிரை வாங்குகிற பிள்ளை, தலைவாரச் சீப்பை எடுத்தால் வீதிக்கே கேட்கிற மாதிரி கத்துகிற பிள்ளை, வாரத்தின் நடுவிலிருந்து பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது. ஊட்டினால் சாப்பிடுகிறது, உட்கார வைத்தால் உட்காருகிறது. டி.வி. மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண் பட்டுவிடுமே என்று அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் குழந்தையைத் தூங்கப் போட்டதும் மூன்று பேர் போனில் கூடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. வருடக்கணக்கில் பேசுவது ஒன்றே ஒன்றைப் பற்றித்தான்: இந்த வாரம் யார் என்ன வீடியோ கேம் ஆடுகிறார்கள், எப்படி இருக்கிறது. அவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பதால் அவளுக்குப் பட்டப்பெயர் பல்லி. லாரி கம்பெனியில் புக்கிங் பார்க்கிற தடித்த குரல்காரன் கரடி. லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் உண்டு. எந்த கேமை எடுத்தாலும் கடைசி மூலைமுடுக்கு வரை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் வருவான் என்பதால் அவன் ஆமை. கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். முடிவைச் சொல்லக்கூடாது. சட்டம் போட்டது அவள்தான். அவள் பாதி ஆடிக்கொண்டிருந்த கேமின் முடிவை ஒருமுறை கரடி போட்டு உடைத்துவிட்டான். ஒரு மாதம் அவனோடு பேச்சு வார்த்தையே இல்லை.

இன்றைக்கும் மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். காதில் ஹெட்போன் மாட்டினால் குழந்தை கூப்பிடுவது கேட்காது. மேசையில், லேபிலிருந்து கொண்டுவந்த பல்வரிசை அச்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஈரமான சாந்தின் வாசனை கூடம் முழுக்க இருந்தது.

முதலில் கரடி. லாரி ஓட்டுகிற ஒரு கேம். பகல் முழுக்க லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவன் ராத்திரி வந்து தானே லாரி ஓட்டுகிறானே, இது என்ன பிழைப்பு என்று அவள் கேட்டாள். அவன் கவலைப்படவில்லை. பனிமலை ரோடு, எதிரே ஈ காக்காய் கிடையாது, வைப்பர் ஆடுகிற சத்தம் மட்டும், தாலாட்டு மாதிரி இருக்கிறது என்றான். ரிவர்ஸ் எடுப்பது மட்டும் தலைவலியாம். ஒரு கிடங்குச் சுவரையே இடித்துவிட்டானாம்.

அடுத்து அவள். கடலுக்கடியில் மூழ்கிப் போகிற கேம். மேலே வெளிச்சத்தில் மீன் பார்க்கிறவரை சொர்க்கம், கொஞ்சம் ஆழத்துக்குப் போனால் எனக்கு நிஜமாகவே மூச்சு முட்டுகிறது, பாதியில் நிறுத்திவிட்டேன் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூழ்கிவிடுவோமோ என்று பயப்படுகிற ஒரே ஆள் நீதான் என்று கரடி வாரினான். அவளும் சிரித்தாள்.

பிறகு ஆமை பேசினான். அவசரமே இல்லாத, அடங்கிய குரல்.

“யாரோ லிங்க் அனுப்பினாங்க. பேரு கூட போடல. சண்டை இல்ல, பாயிண்ட் இல்ல. ஒரு வீடு, அவ்ளோதான். ஆனா நான் இதுவரைக்கும் இப்படி ஒண்ணு ஆடினதில்ல.”

நாம் யார் என்றே அதில் காட்டமாட்டார்களாம். கண்ணாடி முன்னால் போய் நின்றாலும் எதுவும் தெரியாதாம். வீட்டின் கடைசியில் ஒரு சின்ன அறை இருக்கிறது, அங்கே போய்ச் சேர வேண்டும், அதுதான் ஆட்டம். வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் கண்ணில் படக்கூடாது.

“அதுல ஒரு சங்கதி இருக்கு. சத்தம் இருக்கும்போது மட்டும்தான் நகர முடியும். மிக்ஸி ஓடும், வாஷிங் மெஷின் ஓடும், அவ யார்கிட்டயாவது சிரிச்சுப் பேசுவா. அப்ப நாலு அடி வெச்சுக்கலாம். சத்தம் நின்னா நாமளும் நின்னுடணும். ஒரு அடி தப்பினாலும் திரும்பிப் பாத்துடுவா.”

அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. நடைவழியைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு, சுவர், திருப்பம். கரடி ஏதோ கேட்டான், ஆமை பதில் சொன்னான், வரைந்திருக்கிற நேர்த்தியைப் பற்றி அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனான். சமையலறைக் குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது, அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது, துணியில் படிந்த மஞ்சள் கறையைக்கூட விடவில்லை என்றான். அவள் வீட்டுக் குழாயிலும் துணிதான் கட்டியிருக்கிறது. யார் வீட்டுக் குழாயில்தான் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சின்ன அறையின் கதவு பச்சை என்றான் ஆமை. கதவில் ஒட்டகச்சிவிங்கி ஸ்டிக்கர். ஒரு காதை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் காதைச் சுரண்டியதற்காக மகளை அவள் திட்டியிருக்கிறாள். அந்தக் கதவை அவள் யாருக்கும் படம் எடுத்து அனுப்பியதில்லை.

“பல்லி, உனக்குப் புடிக்கிற மாதிரி ஒண்ணு சொல்றேன். அவ உக்காந்திருக்கா பாரு, அந்த மேசை மேல வரிசையா பல்லு. தாடை தாடையா அடுக்கி வெச்சிருக்கா.”

கரடி வெடித்துச் சிரித்தான். “டேய், நீ இவ வீட்டுக்கே போயிட்டு வந்திருக்கடா.”

ஸ்பீக்கர் கரகரக்க அவன் சிரிப்பு கூடம் முழுக்க நிரம்பியது. அந்தச் சிரிப்புக்கு அடியில், திருப்பத்துக்கு அப்பாலிருந்து, வெறுங்கால் சத்தம். அவசரமில்லாமல். ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. சிரிப்பு நின்றது. காலும் நின்றது. இந்த முறை ஒரு மயிரிழைதான் தாமதம்.

அவள் சட்டென்று ஸ்பீக்கர் ஒலியை முழுக்கக் குறைத்தாள். மைக்கையும் அணைத்தாள். வீடு நிசப்தமாயிற்று. குழாய்த் துணியின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

மகள் அங்கே இருக்கிறாள். அவளுக்கும் மகளுக்கும் நடுவில் அது நிற்கிறது. சத்தம் போட்டால் அது போய்ச் சேர்ந்துவிடும். சத்தம் போடாமல் அவள் முதலில் போய்ச் சேர வேண்டும். எழுந்தாள். நாற்காலி கீச்சிடாமல் இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தினாள். போனை எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றினாள். நடைவழிச் சுவரைத் தடவியபடி, மூச்சை அடக்கி, விரல் நுனியில் நடந்தாள். திருப்பத்தில் அது நிற்கும் என்று நினைத்தாள். முகத்துக்கு நேராக நிற்கும். எதுவும் இல்லை. வெறும் சுவர். அதில் நிம்மதி இல்லை. எங்கே நிற்கிறது என்று தெரியாதது, எதிரே நிற்பதைவிட மோசமாக இருந்தது. கடைசி நாலு எட்டை அவளால் அடக்க முடியவில்லை. ஓடினாள். அவளுடைய காலடிச் சத்தமே காதில் இடித்தது.

கட்டிலில் மகள். மல்லாந்து, கைகள் பக்கத்தில் நேராக. போர்வை மறுபடி தரையில்.

கதவை ஓசையில்லாமல் சாத்தித் தாழ்போட்டாள். மகளை அப்படியே வாரி எடுத்து, அறையின் மூலையில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை ஒரு முனகல்கூட முனகவில்லை. சமர்த்து, என் தங்கம், இப்படியே இரு என்று மனதுக்குள் கெஞ்சினாள். பிறகு ஒரு கையால் போனில், மூவரும் இருக்கிற குழுவில் எழுதினாள்.

‘ஆமை. தயவுசெஞ்சு கேமை நிறுத்து. இப்பவே.’

‘எந்த கேமை?’

‘அந்த வீடு. நீ இப்ப ஆடிக்கிட்டுத்தானே பேசுற?’

‘இல்லையே. எப்படி இருந்துச்சுன்னுதான் சொல்லிட்டிருந்தேன். புதன்கிழமையே முடிச்சிட்டேனே.’

அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். முதலில் உடம்பெல்லாம் ஒரு தளர்ச்சி வந்தது. அப்படியானால் யாரும் ஆடவில்லை. எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அதன் பிறகுதான் புதன்கிழமை என்ற சொல் மெதுவாக உள்ளே இறங்கியது.

‘முடிவு என்ன?’

‘நீ போட்ட சட்டம். சொல்லக்கூடாது’ என்று கரடி நடுவில் எழுதினான். சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டான்.

‘சொல்லு. என் பொண்ணு மேல சத்தியமா கேக்குறேன். சொல்லு.’

ஆமை நிதானமாகத்தான் எழுதினான். எதையும் நிதானமாகத்தான் செய்வான்.

‘சின்ன ரூம்ல ஒரு குழந்தை தூங்கும். நாம அது படுத்திருக்கிற இடத்துல படுத்துக்கணும். அவ்ளோதான்.’

‘குழந்தை?’

‘அது நாம கிளம்பின இடத்துக்குப் போயிடும். சொல்ல விட்டுப்போச்சு, ஆட்டம் ஆரம்பிக்கிறது சமையலறைக்கு மேல பரண்ல. கடைசில அந்தப் பொம்பளை நம்மளக் குளிப்பாட்டுவா, சோறு ஊட்டுவா, தலை வாரி விடுவா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அதைப் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. நல்ல கேம். நீயும் ஆடிப் பாரு.’

போனின் வெளிச்சம் தானாக அணைந்தது.

அறையில் எந்தச் சத்தமும் இல்லை. மடியில் கனம் இருந்தது. அந்தக் கனத்தில் அசைவு இல்லை. அவள் உள்ளங்கை அதன் நெஞ்சின்மேல் இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை எடுக்க நினைத்தாள். எடுத்தால் துணி உரசும். உரசினால் சத்தம்.

எடுக்கவில்லை. மூச்சும் விடவில்லை.

அப்போது வீட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, சமையலறைக்கு மேலே, பலகையை நகத்தால் சுரண்டுகிற ஓசை. ரொம்பச் சின்ன நகம். அதன் பின்னால் ஒரு குரல். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்து, காற்றாகிப் போன குரல்.

“அம்மா.”

நூறு குழந்தைகள் கத்தினாலும் அவளுக்கு அந்தக் குரல் தெரியும். உடம்பு முழுக்க அந்தத் திசைக்கு எழுந்தது. ஆனால் அந்தக் குரல் ஒலித்த நேரத்துக்குள், மடியில் கிடந்த இரண்டு கைகளும் உயர்ந்து அவள் கழுத்தைச் சுற்றி வந்திருந்தன. குரல் நின்றது. கைகளும் நின்றன. குளிர்ந்த விரல்கள், பின்கழுத்தில், ஒன்றை ஒன்று தொடுவதற்குக் கொஞ்சம் மிச்சம்.

வேண்டாம் கண்ணு, கூப்பிடாதே, கொஞ்சம் பொறு, அம்மா வருகிறேன். உதடுகூட அசையாமல் வேண்டினாள். கண்ணீர் ஓசையில்லாமல் தாடையில் இறங்கியது. ஒருமுறை கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளையா அவள் பெற்றது?

“அம்மா… அம்மா…”

விரல்கள் கோத்துக்கொண்டன. மடியில் இருந்தது முகத்தை அவள் முகத்துக்கு நேராக மெல்லத் தூக்கத் தொடங்கியது.