கத்தாத ஆடு

அன்றைக்கு மாட்டிய ஆடு கத்தவே இல்லை.

கத்த வேண்டும், அதுதான் வழக்கம். கேமின் நிலவறையில், கடைசி அறைக்குள் புதிதாக வந்த யாரையாவது தேனொழுகப் பேசி அனுப்பிவிட்டு, இரும்புக் கதவை வெளியிலிருந்து சாத்தியதும், உள்ளே மாட்டிய அந்த ஆடு முதலில் “ப்ரோ, கதவு மூடிக்கிச்சு” என்பான், பிறகு கெஞ்சுவான், பிறகு வெளியே நிற்கும் மூன்று பேரின் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டுவான். அந்தத் திட்டைக் கேட்பதற்கென்றே குழுவின் தலை, ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொள்வான். அப்படி ஒரு பிறவி அவன்.

அந்த கேமில் ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே இருக்கும் அரக்கன் யாரையாவது அடித்துக்கொண்டிருக்கும் வரை, வெளியே இருக்கும் புதையல் பெட்டி எடுக்க எடுக்க நிறையும். அடிபடுகிறவன் செத்தால் பெட்டி மூடிக்கொள்ளும். ஆகவே அவனைச் சாகவும் விடக்கூடாது, தப்பிக்கவும் விடக்கூடாது. கதவின் கம்பி வழியாக அவனுக்குச் சொட்டுச் சொட்டாக உயிர் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது டாக்டரின் வேலை.

டாக்டர் என்பது குழுவில் வைத்த பட்டப்பெயர்தான். பகலில் அவன் காது மெஷின் கடையில் வேலை பார்த்தான். வயசானவர்களிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிற மனுஷன், சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவான். அன்று மனைவி வேலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. ஆறு வயது மகள் காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழுவில் மூன்றாவது ஆள் அவனுடைய மைத்துனன். இந்தத் தந்திரத்தை வீடியோவாக்கிப் போட்டவனும் அவன்தான்.

“லட்சம் பேர் பாத்துட்டாங்க மாமா,” என்றான் மைத்துனன், பெட்டியிலிருந்து அள்ளிக்கொண்டே.

“இன்னைக்கு ஆடு ஊமை போல,” என்றான் தலை. “டாக்டர், கொஞ்சம் காய விடு. கத்துதான்னு பாப்போம்.”

டாக்டர் உயிர் ஊட்டும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். ஆட்டின் தலைக்கு மேல் பெயர் இல்லை. உயிர்க்கோடு மட்டும் சிவந்து சுருங்கியது. அரக்கனின் கை இறங்கியது. ஆட்டின் மைக் விளக்கு மினுக்கென்று எரிந்தது; குரல் வரவில்லை, ஆனால் அந்த மைக் இருக்கும் அறையின் சத்தம் வந்தது. ஈரத் துணியின் மேல் மூச்சு விடுவது போன்ற ஒரு சத்தம், அதற்கு மேலே ஒரு ஃபேன், சுற்றுக்கு ஒரு தரம் கிரீச்சென்று இழுத்து, உடனே சின்னதாக ஒரு டக்.

காதை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த டக் போதும். உள்ளறை ஃபேனில் ஒரு திருகு கழன்றிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாசமாகத் தள்ளிப்போட்டு வந்தான். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினான். கிரீச், டக். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில்.

அரக்கன் மறுபடி கையை ஓங்கினான். அடி விழுந்தபோது உள்ளறைக் கட்டில் சுவரில் மோதியது.

அவன் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. உயிர்க்கோடு பச்சையானது. உள்ளறையில் மகள் நீளமாக மூச்சு விட்டாள்.

“பை ரொம்பிடுச்சு,” என்றான் தலை. “கையை எடு டாக்டர். ஆடு போகட்டும்.”

“கதவைத் திற தலை. ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாத்தான் திறக்கும். வா, சீக்கிரம்.”

“என்ன உளர்ற?”

“உள்ள இருக்கிறது என் பொண்ணுடா!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“செம மாமா! இதையும் வீடியோல போட்டுடலாம்.”

“டேய், உன் அக்கா பொண்ணுடா. சத்தியமா சொல்றேன். வந்து ஒரு கை கொடுடா.”

“கதவைத் திறந்தா அரக்கன் நம்ம மேல பாய்வான்,” என்றான் தலை. “அள்ளினது மொத்தமும் போயிடும். உன் விளையாட்டுக்கு நான் ஆள் இல்லப்பா.”

திரையில் அவன் பெயர் அணைந்தது. மைத்துனனின் பெயரும் அணைந்தது. இருவருக்கும் போன் போட்டுப் பார்த்தான். மணி அடித்து அடித்து நின்றது.

உயிரை முழுசாக ஏற்றிவிட்டு உள்ளறைக்கு ஓடினான். மருந்து வாடையும் வேர்வை வாடையும் கலந்த இருட்டு. மகள் மல்லாந்து கிடந்தாள். கன்னத்தில் ஒரு பக்கம் கன்றிப்போயிருந்தது. வாய் கோணாமல், அழாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இது யாருப்பா?”

அவளுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஃபேன் மட்டும். அள்ளித் தூக்கப் பார்த்தான். பதினெட்டு கிலோப் பிள்ளை, கட்டிலோடு சேர்த்து ஆணி அறைந்தது போல அசையவில்லை. அவன் கைகளுக்கு நடுவிலேயே அடி விழுந்தது.

திரும்பி ஓடினான். பொத்தான். பச்சை.

அடி. பச்சை. அடி. பச்சை.

அவனுடைய சக்தியைக் காட்டும் நீலக்கோடு பாதியானது. கால்வாசியானது. கம்ப்யூட்டரை அணைக்க நினைத்தான். அணைத்தால் யார் ஊட்டுவது? அணைக்கவில்லை.

நீலம் தீர்ந்தது.

பொத்தான். ஒன்றும் இல்லை. பொத்தான். ஒன்றும் இல்லை.

உயிர்க்கோடு மயிரிழையாகக் கிடந்தபோது நிலவறைப் படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. புதிதாக மூன்று பேர். வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்கள்.

“டேய், ஆடு ஏற்கெனவே உள்ள இருக்குடா!” என்றது ஒரு இளங்குரல்.

“கதவைத் திறங்க,” என்றான் டாக்டர். “ஒருத்தர் வந்தா போதும். என் குழந்தை. கையெடுத்துக் கும்பிடுறேன்.”

“அழறார் பாரு. ரெக்கார்ட் பண்ணு, ரெக்கார்ட் பண்ணு.”

“அண்ணா, உங்க பவர் தீர்ந்துடுச்சா?” பெண் குரல். உண்மையிலேயே இரக்கப்படுவது போல இருந்தது. “கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன். எங்க மூணு பேர் பையும் காலி. எவ்வளவு நேரமானாலும் சாக விடமாட்டேன்.”

அவன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளறை வாசலுக்கு வந்தான்.

அடி விழுந்தது. மகளின் கழுத்து ஒரு பக்கமாகத் துவண்டது. உடனே எங்கிருந்தோ பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் படர்ந்தது. கன்றல் கரைந்தது. கழுத்து நேரானது. கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் விரிப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே பார்த்தாள்.