வாய் நிறைய ஒரு பொட்டலம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது.

நாரே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பெரியப்பா நின்றிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஹாரம் எட்டிப் பார்த்தாள். பெரியப்பாவின் மகள். நாரேயைவிட ஒரு வயது மூத்தவள்.

"இன்னைக்காவது சண்டை போடாம இருப்பாங்களா?" என்று ஹாரம் காதோடு கேட்டாள்.

"தெரியலக்கா," என்றாள் நாரே.

இலையுதிர் காலத்தில் எல்லோரும் உணவகத்துக்குப் போயிருந்தார்கள். மேசை அடுப்பில் கறி வாட்டும்போது அப்பாவும் பெரியப்பாவும் சண்டை போட்டார்கள். கறியை எத்தனை முறை திருப்புவது என்பதுதான் சண்டை. பெரியப்பா பாதியில் எழுந்து போனார். ஹாரமையும் கூட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பனிக்காலம் வந்து போனது. நாரே தனியாகத்தான் பனியில் சறுக்கி விளையாடினாள்.

அம்மாதான் போன் மேல் போன் போட்டு இன்று வரவழைத்திருந்தார்.

கூடத்தில் தாழ்வான மேசை. நடுவில் கல் வைத்த அடுப்பு. எண்ணெய் தெறிக்கும் என்று தரையில் பழைய செய்தித்தாள். அப்பா இடுக்கியை எடுத்தார். பன்றிக்கறி சூடான கல்லில் விழுந்து சீறியது.

அப்பா திருப்பினார். மறுபடி திருப்பினார்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஒரு தடவைதான்டா திருப்பணும். சாறெல்லாம் போயிடும்."

"நீங்க திருப்புறதுக்குள்ள கருகிடும்ணா."

"நான் கருக்கிடுவேனா? இடுக்கியக் கொடு."

"இது என் வீட்டு இடுக்கி."

பெரியப்பா ஆணியில் தொங்கிய தன் கோட்டைப் பார்த்தார். ஹாரம் நாரேயின் முழங்கையை இடித்தாள்.

கல்லின் ஓரத்தில், அப்பா கத்தரிக்கோலால் நறுக்கிய துண்டுகள் வெந்திருந்தன. நாரே ஒரு லெட்டூஸ் இலையை உள்ளங்கையில் விரித்தாள். ஒரு துண்டு கறி, பூண்டு, காரவிழுது, கொஞ்சம் சோறு. பொட்டலமாக மடித்தாள்.

"பெரியப்பா, ஆ!"

பிள்ளை ஊட்டும்போது வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பெரியப்பா வாயைத் திறந்தார். பொட்டலத்தைப் பாதி கடித்து மீதி வைக்கக் கூடாது. முழுசாக உள்ளே போக வேண்டும். போனது. இரண்டு கன்னமும் உப்பின. அவரால் பேச முடியவில்லை.

"பாத்தீங்களா, நான் திருப்பின கறிதான்..." என்று அப்பா தொடங்கினார்.

"சித்தப்பா, ஆ!" ஹாரம் இன்னொரு பொட்டலத்தோடு தயாராக இருந்தாள்.

கூடம் அமைதியானது. கறி மட்டும் பேசியது.

பெரியப்பா விழுங்கினார். "அந்தக் கல்லு சூடே..."

"ஆ!"

அப்பா விழுங்கினார். "சூடெல்லாம்..."

"ஆ!"

பொட்டலங்கள் வரவரப் பெரிதாயின. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

நாரே மீண்டும் தட்டுக்குக் கை நீட்டினாள். ஒரே ஒரு இலை கிடந்தது. இரண்டு பேரும் மென்று முடிக்கப் போகிறார்கள்.

அவள் அந்த இலையை மடிக்கவில்லை. அப்பாவின் கையில் வைத்தாள்.

"நீங்க பண்ணுங்கப்பா. பெரியப்பாவுக்கு."

அப்பா இலையைப் பார்த்தார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்தார். நல்ல துண்டாக ஒன்றைத் தேடி எடுத்தார். பூண்டு வைத்தார். பச்சை மிளகாய் வைத்தார்.

"அண்ணனுக்கு இது ஆகாது," என்று முணுமுணுத்து மிளகாயை எடுத்துவிட்டார்.

இரண்டு கையாலும் நீட்டினார்.

பெரியப்பா ஒதுக்கி வைத்த மிளகாயைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மென்றுகொண்டே இடுக்கியை எடுத்தார். கல்லில் கிடந்த கறியை ஒருமுறை திருப்பினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் திருப்பினார்.

நாரேயும் ஹாரமும் பார்த்தார்கள். சொல்லவில்லை.

அம்மா கூடை நிறைய இலை கழுவிக் கொண்டுவந்தார். பெரியப்பா இரண்டு இலையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். அவர் செய்த பொட்டலம் நாரேயின் முஷ்டி அளவு இருந்தது. அதை அப்பாவின் வாயில் திணித்தார். அப்பாவின் கண்கள் பிதுங்கின.

பெரியப்பா சாவகாசமாகக் கையைத் துடைத்தார்.

"அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கு எல்லாரும் வந்துடுங்க. ஆனா இடுக்கி என் கையிலதான் இருக்கும். ஏதாவது சொல்றியாடா?"