முந்திரிக்கொட்டைச் சிரிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை ‘அரைமணிக் கலாட்டா’வில் ஆறு குறுங்கூத்துகள். இரண்டு தேறும், மூன்று தேறாது, மீதி ஒன்றைப் பற்றி என்ன எழுதுவதென்று பூங்கோதைக்குப் புரியவில்லை. பத்தொன்பது வருடமாக மாலைப் பத்திரிகை ஒன்றில் தொலைக்காட்சி விமர்சனம் எழுதுகிறவள் அவள். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு எழுத வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

முதல் கூத்து கல்யாணப் பந்தி. ஓட்டுநரில்லாக் கார் ஒன்று மண்டபத்துக்குள் நுழைந்து, ‘டிரைவருக்குப் போடுற சாப்பாட்டை எனக்குப் போடுங்க’ என்று மல்லுக்கு நிற்கிறது. சரி போகட்டும் என்று இலை போட்டால், ‘பாயசம் ரெண்டாவது தடவை ஏன் வரலை’ என்று சண்டை. பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். அரங்கத்தில் சிரித்தவர்கள் பதினொரு பேர். இரண்டாவது, மாமியாரைக் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுக்கும் மருமகன். அரதப் பழசு. மூன்றாவது அடுக்குமாடிச் சங்கக் கூட்டம். மொட்டைமாடிக்கு மேலே நிற்கும் மேகம் ‘ஏ’ பிளாக்குக்கா ‘பி’ பிளாக்குக்கா என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். முடிக்கத் தெரியாமல் எல்லாரும் எழுந்து ஆடிவிட்டார்கள். நான்காவதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதே அதில் நடித்தவர்களுக்குச் செய்யும் உதவி. ஆறாவதில், முடிவெட்டும் இயந்திரம் அரசியல் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டு வாடிக்கையாளர் பாதித் தலையோடு எழுந்து போகிறார். அது தேறும்.

ஐந்தாவதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்தப் பதினொரு பேர் யாரென்று சொல்லிவிட வேண்டும். பேர் என்று சொன்னதே பழக்கதோஷம். அரங்கத்தில் ஆள் கிடையாது. நானூறு இருக்கைகளில் நானூறு நகைப்பெட்டிகள்.

நகைப்பெட்டி என்று பெயர் வைத்த மகராசன் யாரோ குறும்புக்காரன். உள்ளே தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. இறந்துபோனவர் ஒருவருடைய சிரிப்பு இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது எந்தப் பேச்சுக்குச் சிரித்தார், எதற்கு உதட்டைப் பிதுக்கினார், சிரிப்பை அடக்கப் பார்த்து எங்கே தோற்றார் என்று வீட்டுக் கருவிகளில் பதிவானது எல்லாவற்றையும் அந்தப் பெட்டி படித்து வைத்திருக்கும். புதிதாக ஒரு நகைச்சுவையைப் பார்த்தாலோ கேட்டாலோ, அவர் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாரோ அப்படியே சிரிக்கும். பேசாது. இறந்தவரைப் பேசவைக்கச் சட்டம் விடவில்லை. சிரிக்கவைக்க விட்டது. சிரிப்பில் என்ன ஆபத்து இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தவர்களும் உண்டு. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. தனியாகச் சிரிக்கிறவனைப் பைத்தியம் என்போமல்லவா, அது பெட்டிக்கும் தெரிந்திருந்தது. கூட நாலு பேர் இருந்தால்தான் சிரிப்பு வந்தது. அதனால்தான் ஒரு தொலைக்காட்சி நிலையம் நானூறு பெட்டிகளை ஒரே அரங்கத்தில் வைத்து, அவற்றின் முன்னால் நடிகர்களை நேரடியாக நடிக்கவிட்டது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஊர் வெறிச்சோடிப் போகும். திரையின் அடியில் நானூறு புள்ளிகள். எந்த இருக்கை சிரிக்கிறதோ அந்தப் புள்ளி எரியும். ஜனங்கள் கூத்தைப் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். கூத்தையும் பார்க்கிற ஒரே ஜீவன் பூங்கோதையாகத்தான் இருக்கும். அதுவும் எழுத வேண்டுமே என்பதற்காக.

அவளுடைய புள்ளி 217. அவள் கணவர் அறவாழி. லிஃப்ட் பழுது பார்க்கிறவராக இருந்தார், போய் நாலு வருடம் ஆகிறது. அவர் ஒரு முந்திரிக்கொட்டை. சிரிப்பு விஷயத்தில் மட்டும். மற்றதில் எல்லாம் ஆமை. யாராவது நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தால், முடிவு வருவதற்கு மூன்று வினாடி முன்னாலேயே அவர் சிரித்துவிடுவார். தியேட்டரில் முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். பூங்கோதை தொடையில் கிள்ளுவாள். “அதான் தெரிஞ்சுபோச்சே” என்பார். 217-ம் அப்படித்தான். மற்ற புள்ளிகள் எரிவதற்கு மூன்று வினாடி முன்னால் அது தனியாக எரியும். பார்த்த மாத்திரத்தில் பூங்கோதைக்கு அழுகை வரும், உடனே சிரிப்பும் வரும்.

இப்போது பன்னிரண்டு வாரமாக அது எரியவில்லை. பதின்மூன்று வாரம் சிரிக்காத பெட்டியை நிலையம் எடுத்துவிடும். காத்திருப்போர் பட்டியலில் லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், யாரைச் சொல்லிக் குற்றம்? எடுத்த பெட்டி வீட்டுக்கு வரும். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும். பூங்கோதைக்கு அது இரண்டாவது தடவையாக அவரைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. அந்த ஞாயிறுதான் பதின்மூன்றாவது வாரம்.

இனி ஐந்தாவது கூத்து. அது கூத்தே இல்லை. புது நடிகை ஒருத்திக்கு வசனம் மறந்துவிட்டது. மேடை நடுவில் நின்றாள். எதிரே நானூறு பெட்டிகள். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் முன்னால் குனிந்து, காதோரம் கையைக் குவித்து, “கேக்குதா?” என்றாள். அவ்வளவுதான். அரங்கம் இடிந்தது. நிகழ்ச்சி ஆரம்பித்த ஆறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளிகள் எரிந்தன. 217 மட்டும் இருட்டாக இருந்தது.

பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரே சிரிக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன கேடு? ஆறாவது முடிந்தது, சிரிக்கவில்லை. முடிவுப் பாட்டு ஓடியது. நடிகர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள், மேடை காலி. அப்போது 217 எரிந்தது. தனியாக, ஒன்பது வினாடி. அதே சிரிப்பு. மூக்கில் ஆரம்பித்து, தோளைக் குலுக்கி, கடைசியில் இருமலில் முடியும்.

ஓசூரிலிருந்து மகள் இளவேனில் கூப்பிட்டாள். “அம்மா, பாத்தியா? அப்பா சிரிச்சிட்டாரு.”

“பாத்தேன்டி. பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“எதுக்கும்மா சிரிச்சாரு? பாட்டுதானே போயிட்டிருந்துச்சு.”

“உங்கப்பாவைத் தெரியாதா, முந்திரிக்கொட்டை” என்று சொல்லிவிட்டுத்தான் பூங்கோதை யோசித்தாள். முந்திச் சிரித்தார், சரி. எதற்கு முந்தி?

நிலையத்துக்கும் அதே சந்தேகம். திங்கட்கிழமை கடிதம் வந்தது. ‘இருக்கை 217 சிரித்ததற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடத்துக்குள் நகைச்சுவை எதுவும் இல்லை. எனவே இது பழுதுச் சிரிப்பு, கணக்கில் வராது. பெட்டி புதன்கிழமை காலை கழற்றப்படும்.’

சும்மா விடுகிறவளா? புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே நிலையத்து வாசலில் நின்றாள். அரங்கப் பொறுப்பாளர் ஜெபராஜுக்கு அவளைத் தெரியும், விமர்சனங்களைப் படிக்கிறவர். நாற்பது வயது, மெதுவாகப் பேசுகிற மனிதர். கையில் சின்னத் திருப்புளி வைத்திருந்தார். அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“அஞ்சாவதுக்குத்தான் சிரிச்சாருன்னு எழுதிடுங்களேன், ஜெபராஜ்.”

“பின்னால சிரிச்சா லேட்டுன்னு ஆகும் மேடம். சார் வாழ்க்கையில லேட்டா சிரிச்சதே இல்லையாம், பதிவு சொல்லுது. நம்ப மாட்டாங்க.”

“நான் விமர்சகி. எது நகைச்சுவைன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பாட்டுல என்ன இருந்துச்சுன்னு நான் கண்டுபிடிச்சு எழுதித் தரேன். ஒரு தடவை உள்ள விடுங்க.”

ஜெபராஜ் தயங்கினார். “குடும்பத்துக்காரங்களை உள்ள விடுறதை நிறுத்திட்டாங்க மேடம்.”

“ஏன்?”

 “நீங்களே பாருங்க” என்று கதவைத் திறந்தார் அவர்.

அரங்கம் குளிர்ந்து கிடந்தது. வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் டிபன் டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, முன்பக்கம் துளைத்துளையாக. தூசி இல்லை, சத்தம் இல்லை. பூங்கோதை நடந்தபோது செருப்பின் சத்தம்கூட அவளுக்கே அதிகமாகப் பட்டது. யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டு அவள் வந்ததும் நிறுத்தியது போலிருந்தது.

217 ஒன்பதாவது வரிசையில், ஓர இருக்கை. நாலு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பக்கத்தில் நின்றாள். வாதாட வந்தவள் வாதத்தை எல்லாம் மறந்துபோனாள். பெட்டியைத் தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. குனிந்தாள். காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிச் சத்தம் வராதபடி கையைக் குவித்துக்கொண்டாள்.

“ஏங்க” என்றாள். “கேக்குதா?”

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பெட்டிகளும் சிரித்தன.

முன்னாலிருந்து, பின்னாலிருந்து, தலைக்கு மேலே மாடி வரிசையிலிருந்து. கனைக்கிற சிரிப்பு, விக்குகிற சிரிப்பு, கைதட்டுகிற மாதிரி வெடிக்கிற சிரிப்பு. ஒரு குழந்தையின் சிரிப்பும் அதில் இருந்தது. பூங்கோதை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பில் துளிக் கெட்ட எண்ணம் கிடையாது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவரைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

217 சிரிக்கவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமையே சிரித்து முடித்திருந்தார்.

“யார் வந்தாலும் இப்படித்தான் மேடம்” என்று ஜெபராஜ் பின்னாலிருந்து சொன்னார். “எல்லாரும் குனிவாங்க, காது வெப்பாங்க, கேக்குதான்னு கேப்பாங்க. ஒருத்தர்கூட மாத்திச் செஞ்சதில்லை. ஆறு வருஷமா ஒண்ணா உக்காந்திருக்குதுங்க. நாம எழுதுற ஜோக்கெல்லாம் அதுங்களுக்குச் சலிச்சுப்போச்சு. இது மட்டும் சலிக்கலை.”

“நாங்களா ஜோக்கு?”

“நாமதான்” என்றார் ஜெபராஜ். அவர் கண் ஒரு தரம் மாடி வரிசையில் ஒரே ஒரு பெட்டியின் பக்கம் போய் வந்தது.

அவர் கையிலிருந்த பலகைக்கணினியில் 217-இன் பதிவைத் திறந்து காட்டினார். “சாரோட பதிவுல பத்துக்கு ஒம்பது உங்க குரல்தான். சினிமா, டிவி எல்லாம் கொஞ்சூண்டு. அந்தப் பொண்ணு மேடையில அப்படி நின்னதைப் பார்த்ததும் மத்ததெல்லாம் அவளைப் பார்த்துச் சிரிச்சுது. இவருக்கு உங்க ஞாபகம் வந்திருக்கும். கடிதம் வரும், நீங்க சண்டைக்கு வருவீங்க, இங்க வந்து இப்படிக் குனிவீங்க. உங்களைத்தான் அது மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கே. மூணு நாள் முந்திச் சிரிச்சிட்டாரு.”

இருபத்தேழு வருடம் கிள்ளினாள். இன்னும் திருந்தவில்லை. பூங்கோதைக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது, இரண்டுக்கும் அடியில் இவர் தன்னை மறக்கவில்லை என்று ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் அவள் பயந்துபோனாள்.

“அப்போ பழுது இல்லையே?”

“பழுது இல்லை. ஆனா விதி ஒண்ணு இருக்கு மேடம். ஒளிபரப்பாகிற நகைச்சுவைக்குச் சிரிச்சாத்தான் கணக்கு.” அவர் மேடைக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “எப்பவும் ஓடிட்டேதான் இருக்கும். நீங்க சம்மதம்னு கையெழுத்துப் போட்டா, நீங்க இப்பக் குனிஞ்சு நின்னது வர ஞாயித்துக்கிழமை அஞ்சாவது கூத்தா போகும், சார் அதுக்குத்தான் முந்திச் சிரிச்சாருன்னு கணக்கு. சாருக்கு இன்னும் பதின்மூணு வாரம்.”

“விமர்சனம் நான்தானே எழுதணும்?”

“ஆமா மேடம்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். ஜெபராஜ் திருப்புளியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே போகத் திரும்பியபோது கைப்பேசி அடித்தது. இளவேனில். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. “அம்மா, அப்பாவை எடுத்துட்டாங்களா?”

“இல்லைடி. இருக்காரு. ஒண்ணும் பழுது இல்லையாம்.”

“அப்பாடா.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “அப்போ எதுக்குத்தான் சிரிச்சாராம்?”

பூங்கோதை கதவருகே நின்றாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இந்தப் பெண் இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புள்ளியை நிம்மதியாகப் பார்க்க மாட்டாள். கார் பாயசம் கேட்டதே, அதை நினைத்துக்கொண்டு சிரித்தாராம் என்று ஒரு பொய்யைத் தயார் செய்தாள். நல்ல பொய்தான். நாலு நாளில் அவளே திரையில் குனிந்து நிற்கப்போவதும், மகள் அதைப் பார்க்கப்போவதும் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

பின்னால், ஒன்பதாவது வரிசையில், ஒரே ஒரு பெட்டி சிரித்தது. மூக்கில் ஆரம்பித்து, தோளைக் குலுக்கி, இருமலில் போய் முடிந்தது.

பூங்கோதை இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.