மைனஸ் ஐந்தில் பாதி

இடது திரையில் மைனஸ் இரண்டு. வலது திரையில் மைனஸ் மூன்று. அந்தக் கட்டடத்தில் மூன்றாவது பேஸ்மென்டே கிடையாது.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். விடுமுறை நாள், பிற்பகல் மூன்று மணி, ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்டின் மெஷின் ரூம். கிரீஸ் வாடையும் வெயிலில் காய்ந்த தகரக் கதவின் வாடையும் மூக்கை அடைக்க, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியில் விசைப்பலகையோடு அவள் தன் மண்டையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். இதைப் போய் மறப்பாளா ஒருத்தி?

லிஃப்டை ஓட்டும் பழைய பெட்டிக்கு ஒரு கணினி மொழி, அதை மாற்ற வந்திருக்கும் புதிய பெட்டிக்கு வேறொரு மொழி. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க அவள் எழுதியது ஆறே வரி. பழைய மொழி வெறும் குறிப்பு என்று தாண்டிப்போகும் இடத்தைப் புதிய மொழி கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த ஆறு வரியும் இரண்டிலும் ஓடும்; இடது திரையில் பழையதன் விடை, வலதில் புதியதன் விடை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. லிஃப்ட் குழியில் மாடிக்கு இரண்டு காந்தம். கடந்த காந்தங்களை எண்ணிப் பாதியாக்கினால் மாடி எண் வந்துவிடும். அரை மிஞ்சினால் பழைய மொழி அதைத் தரைத்தளத்தின் பக்கம் தள்ளும், புதிய மொழி எப்போதும் கீழே தள்ளும். தரைக்கு மேலே இரண்டுக்கும் ஒரே விடை. கீழே போனால்தான் தகராறு.

"அண்ணா, தப்பு என்னோடதுதான். பாதி போடறதுல சொதப்பிட்டேன்," என்றாள் வாக்கி-டாக்கியில்.

"நாப்பது வயசாச்சு, இன்னும் பாதிக் கணக்கு வரலையா பாப்பா?"

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரும்பு அவன் பாடு, எண்கள் அவள் பாடு. பதினைந்து வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. இப்போது லிஃப்டுக்குள் நின்றபடி இரண்டாம் பேஸ்மென்டில் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தான். அவனுக்கு ஒரு பதிலடி கொடுத்துக்கொண்டே வரியைத் திருத்தப் போனவளின் விரல் நின்றது.

அரை மிஞ்ச வேண்டுமென்றால் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். மாடியில் வந்து நிற்கும் லிஃப்டுக்கு அது எப்போதும் இரட்டைப்படைதான். எண்ணிக்கையைத் திறந்து பார்த்தாள். மைனஸ் ஐந்து.

குழியின் கடைசிக் காந்தம் மைனஸ் நான்கு. நேற்று அதை ஒட்டியதே அவள்தான். அதற்குக் கீழே கான்கிரீட்.

எழுந்து கப்பியைப் பார்த்தாள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று மேலிருந்தே தெரிய அண்ணன் கம்பி வடத்தில் மாடிக்கொரு பெயின்ட் பூசியிருந்தான். கடைசி மாடிக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பு, தரையில் வடம் இறங்கும் துளையைத் தாண்டி ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே போய்விட்டிருந்தது. லிஃப்ட் அடியில் இருந்தால் வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை மேலே, அவள் காலடியில் நிற்க வேண்டும். டார்ச்சை அடித்தாள். எதிர் எடை இல்லை. வடம் மட்டும் இருட்டுக்குள் போனது.

"அண்ணா, எங்க நிக்கற?"

"இதென்ன கேள்வி? பேஸ்மென்ட் ரெண்டு. கதவு தொறந்துடுச்சு. லைட்டுதான் எரியல."

பழைய பெட்டி மைனஸ் இரண்டு என்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டது.

"பேஸ்மென்ட் ரெண்டுல ஓடற தண்ணி மோட்டார் சத்தம் கேக்குதா?"

"இல்லையே. காலைல காது கிழிஞ்சுது. இப்ப ஈரமண் வாடைதான் அடிக்குது."

"காலை வெளிய வைக்காத!"

"ஏன், என்னாச்சு?"

"சொன்னா கேளு அண்ணா!"

மேலே வரும் பொத்தானை அழுத்தினாள். எண்ணிக்கை மாறியது. மைனஸ் ஆறு. இப்போது இரண்டு திரையும் ஒத்துப்போயின. மைனஸ் மூன்று, மைனஸ் மூன்று.

அவளுக்குக் கோபம் வந்தது, மூக்கு விடைக்கிற கோபம். "என் அண்ணன் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று துளைக்குள் கத்தினாள். மெயின் சுவிட்சை அறைந்து அணைத்தாள். திரைகள் மட்டும் பேட்டரியில் எரிந்தன. இனி எந்த மொழியும் வேண்டாம், கை போதும். இடது கையால் பிரேக் நெம்புகோலைத் தாழ்த்தி, வலது கையால் கைச்சக்கரத்தைப் பிடித்தாள்.

ஒரே ஓர் ஆள் இருக்கிற லிஃப்ட் எதிர் எடையைவிட லேசு. பிரேக்கைத் தளர்த்தினாலே தானாக மேலே வர வேண்டும். வரவில்லை. கீழே இழுத்தது. பத்துப் பேர் கனம்.

"உள்ள யாராவது ஏறினாங்களா?"

"யாருமில்ல." அவன் குரல் இறங்கியிருந்தது. "ஆனா லிஃப்ட் ஆடுச்சு பாப்பா. ஒவ்வொருத்தரா ஏறினா ஆடுமே, அந்த மாதிரி."

"கண்ண மூடிக்கோ. நான் இழுக்கறேன்."

சுற்றினாள். சக்கரம் ஒரு விரல்கடை நகர்ந்தது. தோள் விட்டுப்போகிற வலி. இன்னொரு விரல்கடை. உள்ளங்கைத் தோல் கிழிந்து சக்கரம் வழுக்கியது, புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். "விடமாட்டேன் போ. என்ன பண்ணுவ?" சிவப்பு வந்தது. காந்த எண்ணிக்கை மைனஸ் நான்கு. மூன்று. கீழே அண்ணன் மூச்சுவிடும் சத்தம் வாக்கி-டாக்கியில் கேட்டது. அவன் மூச்சு மட்டுமில்லை. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மைனஸ் ஒன்று. தரைத்தளத்தின் வெள்ளைக் கோடு.

"கதவத் தள்ளு! ஓடு!"

இரும்பு கிறீச்சிட்டது. "வந்துட்டேன்! பாப்பா, வெளிய வந்துட்டேன்! வாசல்ல வெயில் அடிக்குது!"

அவள் அழுதாள், சிரித்தாள், நெம்புகோலை விட்டாள். பிரேக் கவ்விக்கொண்டது.

சக்கரம் நிற்கவில்லை.

கவ்விய பிரேக்குக்குள்ளேயே மெதுவாகத் திரும்பியது. திரைகளில் மாடி எண் ஒன்று, ஒன்று. யாரும் சுற்றவில்லை. இரண்டு, இரண்டு.

"லிஃப்ட் மேல போகுதே. நீயா சுத்தற?"

இல்லை என்றால் அவன் படியேறி ஓடி வருவான். படிக்கட்டு ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவை ஒட்டித்தான் வரும்.

"ஆமா, நான்தான்," என்றாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "வண்டியிலேர்ந்து பெரிய ஸ்பேனர எடுத்துட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா."

"சரி சரி, அதிகாரம் பண்ணாத." வாக்கி-டாக்கியில் அவன் செருப்புச் சத்தம் ரோட்டுப் பக்கம் தேய்ந்தது.

மூன்று. நான்கு. அவள் ஓடிவிடலாம். ஓடினால் அது திரும்ப அவனைத் தேடித்தான் இறங்கும். சக்கரத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். ஐந்து. ஈரமண் வாடை. ஆறு. ஏழு.

எட்டு, எட்டு.

ஏழு மாடிதான். எட்டு என்றால் இந்த அறை.

சக்கரம் நின்றது. வெயில் அப்படியே கதவில் கிடந்தது. கிரீஸ் வடத்துக்குப் பக்கத்தில், துளையின் விளிம்பில், நான்கு விரல்கள் ஏறி வந்து பற்றின. நகத்தில் மண். பின்வாங்கவில்லை அவள். செருப்புக் காலைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தாள்.

"இது நான் நிக்கற இடம்," என்றாள். முழுக் கனத்தையும் போட்டு மிதித்தாள்.

விரல்கள் நொறுங்கவில்லை. விடவும் இல்லை. அவள் செருப்புக்கடியில், அடுத்த கைக்கு இடம் விட்டு, மெல்ல ஒதுங்கிக்கொடுத்தன.