பெயருக்காகக் கிடைத்த கையுறை

எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால் ஊரே திரும்பிப் பார்க்கும். அந்தப் பெயரில் ஓர் இதய மருத்துவர் இருக்கிறார், ஒரு பாடகி இருக்கிறார், நாட்டுக்கே கோப்பை வாங்கித் தந்த கால்பந்து கோல்கீப்பரும் இருக்கிறார். மூவரும் எங்களுக்குச் சொந்தமில்லை. யாராவது கேட்டால்தான் அதைச் சொல்வோம்.

விளையாட்டு ஆசிரியர் கேட்கவே இல்லை. பெயரைப் பார்த்ததும் என் தம்பி மகளிடம் கோல்கீப்பர் கையுறையைக் கொடுத்துவிட்டார்.

"பந்து வந்தா எனக்குக் கண்ணு தானா மூடிக்கும், சார்."

"அந்தப் பேருக்கு அதெல்லாம் மூடாதும்மா!"

மூடியது. பள்ளியின் இறுதி ஆட்டத்தில், இடைவேளைக்குள் இரண்டு கோல் விழுந்தன.

"உங்க பேர்ல பாடகியும் இருக்காங்கல்ல? பாட்டாவது பாடு!" என்று எதிரணிப் பிள்ளைகள் கூவினார்கள்.

முதல் வரிசையில் நான் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தேன். காது மட்டும் சுட்டது. இன்னும் ஒரு கோல் விழுந்தால் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான்.

இடைவேளையில் அவள் கையுறையைக் கழற்றி, அதே அணியில் ஆடிய பழக்கடைக்காரர் மகளிடம் நீட்டினாள்.

"நீ கோல்ல நில்லு. நான் முன்னால ஓடுறேன்."

"நானா? எங்க பேரு யாருக்குத் தெரியும்?"

"லாரியில இருந்து உங்கப்பா தர்பூசணி எறியறாரே, ஒண்ணாவது கீழ விட்டிருக்கியா?"

"விட்டா அம்மா தோலை உரிச்சிடுவாங்க!"

நான் எழுந்துவிட்டேன். "கையுறையை மாட்டு! நம்ம குடும்ப மானம் என்ன ஆகிறது?"

"மானத்தை வீட்டுல போய்ப் பாக்கலாம், பெரியப்பா. இப்ப கோலைப் பாக்கணும்!"

ஆசிரியர் தலையைச் சொறிந்தபடி சரி என்றார்.

பழக்கடைக்காரர் மகள், பழம் நசுங்கிவிடுமோ என்பதுபோலப் பந்துகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. என் தம்பி மகளோ, பந்து காலடியில் இருந்தால் கண்ணை மூடுவதே இல்லை. எங்கள் அணி மூன்று கோல் போட்டது. மூன்றாவது அவளுடையது.

கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. அது உள்ளே போனால் ஆட்டம் சமம்.

"உங்கப்பா எறியறாருன்னு நெனச்சுக்கோ!" என்று தம்பி மகள் கத்தினாள்.

பந்து சீறி வந்தது. தொப்பென்று தோழியின் கைக்குள் அடங்கியது.

கோப்பை எங்களுக்கு!

தம்பி மகள் ஓடிப்போய்த் தோழியைக் கட்டிக்கொண்டாள். "உங்க குடும்பப் பேரைச் சத்தமாச் சொல்லு. எல்லாரும் கத்தணும்!"

அவள் சொன்னாள். அதுவரை ஒரு பழக்கடைப் பலகையில் மட்டும் இருந்த பெயர், மைதானம் முழுக்க அதிர்ந்தது.

எல்லோரையும்விடப் பெரியப்பா குரல்தான் பெரிதாகக் கேட்டது என்று தம்பி மகள் வீடெல்லாம் சொல்லித் திரிகிறாள். நான் தொண்டையைத்தான் செருமினேன்.